முருங்கைத் தூளுக்கு விலைப்பலகை இல்லை

கோப்பி பயிரிடும் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. நியூயோர்க் சந்தையில் அரபிக்கா இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்பதை யாரும் பார்க்கலாம். அந்த விலை சரிந்தாலும், ஃபெயார்ட்ரேட் என்ற நியாய வணிகச் சான்று முத்திரையோடு விற்கும் சங்கத்துக்கு அதற்குக் கீழே இறங்காத ஒரு தரை விலை இருக்கிறது. கழுவிப் பதப்படுத்திய அரபிக்காவுக்கு அது 2023 ஆகஸ்டில் ஒரு இறாத்தலுக்கு 1.40 டொலரிலிருந்து 1.80 டொலராக உயர்ந்தது. அதற்கு மேல் சங்கத்தின் பொதுத் தேவைக்கென்று 20 சதம் தனியாக வரும்.

வன்னியில் கோப்பி இல்லை, அது மலைநாட்டுப் பயிர். இங்கே வளவுக்கு வளவு நிற்பது முருங்கை. அதன் இலைத் தூளை வெளிநாட்டில் தேநீர் கலப்பவர்களும் சத்துமா விற்பவர்களும் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு விலைப்பலகை கிடையாது, தரை விலையும் கிடையாது. கேட்கிறவர் சொல்வதே விலையாகிவிடுகிறது. ஆகவே விலை எங்கள் கொட்டிலுக்குள்ளே, எங்கள் தராசிலும் கணக்குக் கொப்பியிலும் பிறக்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் மாதர் சங்கங்களுக்காக இதை எழுதுகிறோம்.

எந்த மரத்து இலை

பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஈர்க்கு நீக்கி உருவிய இலை 5 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். பழுத்தது, பூச்சி கடித்தது, அரிதட்டில் மிஞ்சுவது எல்லாம் கழிய, ஒரு கிலோ தூளுக்கு 6 கிலோ என்று வைப்பதே பாதுகாப்பு. கிளையோடு நிறுத்தால் 9, 10 கிலோ தேவைப்படும். உருவிய இலையை வாங்குவதா, கிளையோடு வாங்குவதா என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். இரண்டும் கலந்தால் நிறுவைக் கணக்கு குழம்பி, சங்கத்துக்குள்ளேயே மனக்கசப்பு வரும்.

எல்லா மரமும் உதவாது. வயல் வரம்பில் நிற்கும் மரத்தை விடுங்கள். சிறுபோகத்தில் நெல்லுக்கு அடிக்கிற களைநாசினியும் பூச்சிநாசினியும் சோளகக் காற்றோடு வந்து இலையில் படியும். நாங்கள் மருந்தே அடிக்கவில்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆய்வுகூடத்துக்கு அது பக்கத்து வயல்காரர் அடித்தது என்று தெரியாது. ஏ-9 வீதியோரத்து மரமும், பொலித்தீன் எரிக்கும் குழிக்குப் பக்கத்து மரமும் வேண்டாம். இரவில் கோழி அடைகிற மரம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கோழி எச்சம்தான் சல்மொனெல்லா கிருமி இலைக்கு வரும் நேர்வழி. மாரியில் மசுக்குட்டிக்கு மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடித்த மரமாக இருந்தால், புதுத் துளிர் வந்து முற்றும்வரை அதில் இலை எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் வாடை தூளில் அப்படியே நிற்கும்.

மரத்தை நெஞ்சளவு உயரத்தில் வெட்டி விட்டால் கிளை பெருகும். ஏணி வைத்து ஏறும் தேவையும் இல்லை. தண்ணீர் கிடைத்தால் 40 முதல் 50 நாளைக்கு ஒருமுறை வெட்டலாம். வாடைக் காற்றோடு மழை பெய்யும் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை இலை நிறைய உண்டு, ஆனால் காய வைக்க வெயில் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் வெயில் உண்டு, செம்மண் தூசியும் உண்டு. வாங்குநருக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு தருவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெப்ரவரிக்குப் பிறகு எந்தெந்த மாதத்தில் எவ்வளவு முடியும் என்று எழுதிக் கொடுங்கள்.

கழுவல், காய வைத்தல், அரைத்தல்

இலையைக் காலையில் பனி காய்ந்த பிறகு வெட்ட வேண்டும். வெட்டிய இலையை உரப்பையில் திணித்தால் உள்ளே சூடேறி இரண்டு மணித்தியாலத்தில் மஞ்சளாகும். போதாக்குறைக்கு அந்தப் பையில் முன்பு யூரியா இருந்திருக்கும். கடகத்திலோ துளையுள்ள பிளாஸ்டிக் கூடையிலோ தளர்வாகப் போட்டு, நான்கு மணித்தியாலத்துக்குள் கழுவலுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்று தொட்டி வேண்டும். முதலாவதில் வெறும் தண்ணீர், தூசி போவதற்கு. இரண்டாவதில் குளோரின் தண்ணீர். 100 லீற்றருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் தூள், அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருந்தால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவு கிடைக்கும். தூளை ஒரு வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு இலையில் வெள்ளையாகப் படியும். இலை 3 முதல் 5 நிமிடம் முழுதாக மூழ்கி இருக்க வேண்டும். மூன்றாவது தொட்டியில் குடிக்கத்தக்க தண்ணீர். உப்புத் தண்ணீரில் மட்டும் கழுவினால் போதும் என்று சில இடங்களில் பழக்குகிறார்கள். அது பூச்சியையும் அழுக்கையும் நீக்கும், கிருமிக்கு அதை நம்ப முடியாது. இரண்டாவது தொட்டி கலங்கினால் குளோரின் அழுக்கோடு முடிந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றுங்கள். கிணற்று நீரைப் போகத்துக்கு ஒருமுறையாவது சோதியுங்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் எத்தனை தரம் கழுவியும் பயனில்லை. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்.

காய வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் பிழைக்கின்றன. இலையை ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோவுக்கு மேல் பரப்பினால் நடுவில் இருப்பது கறுக்கும். 10 கிலோ தூள் வேண்டுமென்றால் 60 கிலோ இலை, அதாவது 60 சதுர மீற்றர் தட்டு. ஒரு மீற்றருக்கு இரண்டு மீற்றர் தட்டு என்றால் முப்பது. பத்துத் தட்டு வைத்துக்கொண்டு 60 கிலோ இலை வாங்கினால், மிச்ச 40 கிலோவும் இரவு முழுவதும் குவிந்து கிடந்து புளிக்கும். முதலில் தட்டை எண்ணுங்கள், பிறகு இலைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நேர் வெயில் இலையில் படக்கூடாது, பச்சை வெளுத்து வைக்கோல் நிறம் வரும். சூரிய உலர்த்தியின் மேல் கறுப்புத் துணியோ நிழல் வலையோ போட்டு, உள்ளே 45 முதல் 50 பாகை செல்சியஸ் வைத்திருங்கள். 55ஐத் தாண்டினால் நிறம் பழுப்பாகத் தொடங்கும். ஓரங்களுக்கெல்லாம் மெல்லிய வலை அடியுங்கள், சோளகத் தூசி எந்த இடுக்காலும் நுழையும். ஒரு நாளில் காயாவிட்டால், பின்னேரம் ஈரம் ஏறுவதற்கு முன் எடுத்து மூடிய வாளியில் வைத்து, மறுநாள் மீண்டும் பரப்ப வேண்டும். கையால் கசக்கினால் நொறுங்க வேண்டும் என்பது வீட்டுப் பரீட்சை. வாங்குநர் கேட்பது எண். பெரும்பாலும் ஈரப்பதம் 7 வீதத்துக்குள். ஈரமானி ஒன்று வாங்குவது முதல் வருடச் செலவிலேயே சேர வேண்டும்.

அரைப்பதற்கு ஊர் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே காலையில் மிளகாய், மத்தியானம் எள்ளு, பின்னேரம் கோதுமை. எள்ளு, கோதுமை, கச்சான் மூன்றும் ஐரோப்பாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள். அமெரிக்காவிலும் 2023 ஜனவரி முதல் எள்ளு அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சங்கத்துக்கென்று துருப்பிடிக்காத உருக்கில் செய்த சிறிய மெசின் ஒன்று, அதில் முருங்கை மட்டும். அரைத்த தூள் சூடாக வரும். அதை உடனே பையில் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். மூடிய பாத்திரத்தில் ஆற விட்டு, அரிதட்டில் அரித்து, காந்தம் ஒன்றுக்கு மேலாக ஓட விட்டு, வெளிச்சம் புகாத அலுமினியப் படலப் பையில் கட்டுங்கள்.

இலக்கமும் சோதனையும்

ஒவ்வொரு நாள் தூளுக்கும் ஒரு இலக்கம் போடுங்கள். கிளி-250314-2 என்றால் கிளிநொச்சி, 2025 மார்ச் 14, இரண்டாவது உலர்த்தி. அந்த இலக்கத்துக்கு எதிரே அன்று இலை தந்தவர்களின் பெயர், கிலோ, கழுவியவர், ஈரப்பதம் கொப்பியில் இருக்க வேண்டும். கோப்பியில் இதையும் தாண்டிப் போய்விட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்புச் சட்டத்தில் கோப்பித் தோட்டத்தின் புவியியல் ஆள்கூறுகளையே கேட்கிறார்கள். முருங்கை அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் நல்ல வாங்குநர் முதலில் கேட்கும் கேள்வி, இந்தப் பை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுதான்.

முருங்கைத் தூளைப் பலர் சமைக்காமலே தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்கள். எங்கள் வறை போல சட்டியில் வேகாது. அதனால்தான் 25 கிராமில் சல்மொனெல்லா அறவே இருக்கக்கூடாது என்பது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. 2025 இல் அமெரிக்காவில் பலர் நோயுற்று, இந்தியாவிலிருந்து போன முருங்கைத் தூளில் அந்தக் கிருமி இருப்பது கண்டறியப்பட்டு, பொருட்கள் திரும்ப எடுக்கப்பட்டன. அதன் பிறகு வாங்குநர் இன்னும் இறுக்கமாகக் கேட்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. சல்மொனெல்லாவோடு ஈ.கோலை, பூஞ்சணம், ஈயம், கட்மியம், பூச்சிநாசினி மிச்சம் ஆகியவற்றுக்கும் அறிக்கை கேட்பார்கள். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்திலும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுகூடங்களிலும் இவற்றைச் செய்யலாம்.

சோதனைக் கட்டணம் ஒரு தொகுதிக்கு, அதாவது பல நாள் தூளைச் சேர்த்து ஒன்றாகச் சோதிக்கும் அளவுக்கு, ஒன்று. தொகுதி 10 கிலோ என்றால் கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும், 300 கிலோ என்றால் ஒரு பையின் பிழை எல்லாவற்றையும் கொண்டுபோகும். தொடக்கத்தில் 100 கிலோ அளவு பொருத்தம் என்பது எங்கள் அபிப்பிராயம். கிருமி உண்டு என்று அறிக்கை வந்தால், நல்லது என்று வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதும் வேறு தூளோடு கலப்பதும் இரண்டுமே கூடாது. அந்தத் தொகுதி போனது போனதுதான். யாரோ ஒருவரின் பிள்ளை குடிக்கப்போகும் தூள் அது.

விலை

கீழே உள்ளது கணக்குப் பழகுவதற்கு. உங்கள் ஊர் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தூளுக்கு:

இலை 6 கிலோ, 150 ரூபா வீதம் – 900
உருவல், கழுவல், பரப்பல், 3 மணித்தியாலம், 250 வீதம் – 750
தண்ணீர், குளோரின், மின்சாரம் – 100
அரைத்தல், அரித்தல் – 100
பை, பெட்டி – 120
சோதனை, 100 கிலோவுக்கு 30,000 – 300
கொழும்புக்கு லொறி, பத்திரங்கள் – 200
மெசின், உலர்த்தித் தேய்மானம் – 150

கூட்டினால் 2,620. கழிவுக்கும் நிராகரிப்புக்கும் 10 வீதம், 262. அதன் மேல் சங்கச் சேமிப்புக்கு 10 வீதம், 288. ஆக 3,170.

இதே தூளை ஒருவர் 2,000 ரூபாவுக்குக் கேட்கிறார் என்று வையுங்கள். இலை, அரைப்பு, பை, லொறி ஆகிய நான்கை மட்டும் கூட்டினால் 1,320. கையில் 680 மிஞ்சுவதுபோலத் தெரியும். உண்மையில் கிலோவுக்கு 620 நட்டம். அந்த 620 ஐக் கொடுப்பது யார்? காலையிலிருந்து இலை உருவிய பெண்கள்தான், தங்கள் மூன்று மணித்தியாலத்தால். வீட்டு வேலையோடு வேலையாகச் செய்வதுதானே என்று அந்த 750 ஐக் கணக்கில் விடுவதுதான் நாம் கண்ட பிழைகளில் பெரியது. ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கிலோ உருவுகிறார் என்பதை மூன்று நாள் நிறுத்துப் பாருங்கள். ஊகத்தால் எழுதாதீர்கள்.

விலையை டொலரிலோ யூரோவிலோ சொல்லி, 30 நாளுக்குச் செல்லும் என்று எழுதுங்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனதை எல்லோரும் கண்டோம்.

யாருக்கு விற்பது

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிஸ் லா சப்பலிலோ கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் முதல் 20, 30 கிலோவை எடுப்பார்கள். அது நல்ல தொடக்கம். நிறம், மணம், பொதி பற்றி ஒளிக்காமல் சொல்வார்கள். ஆனால் "அக்கா, நீங்கள் அனுப்புங்கோ, காசைப் பிறகு பாப்பம்" என்ற பேச்சில் ஓடுகிற வியாபாரம் 100 கிலோவைத் தாங்காது. சொந்தக்காரரோடும் எழுத்தில் வையுங்கள், உறவுக்கும் அதுதான் நல்லது.

நியாய வணிகம் என்று சொல்லிக்கொள்ளும் வாங்குநரை அந்தச் சொல்லை வைத்து நம்ப வேண்டாம். உலக நியாய வணிக அமைப்பின் உறுப்பினர் பட்டியலும், ஃபெயார்ட்ரேட் சான்றிதழ் பெற்றோரின் பட்டியலும் இணையத்தில் உண்டு. பிரித்தானியக் கம்பனி என்றால் அதன் பதிவையும் கணக்கையும் இலவசமாகப் பார்க்கலாம். பிறகு முற்பணம் கேளுங்கள். கேட்பது யாசகம் அல்ல. உணவுப் பொருளுக்கு, கேட்டால் குறைந்தது 50 வீதம் முற்பணம், நியாயமான வட்டியோடு தர வேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் சொந்த விதி. ஃபெயார்ட்ரேட்டில் ஒப்பந்தப் பெறுமதியின் 60 வீதம் வரை கேட்கலாம். இதைக் கேட்டதும் முகம் மாறுகிறவர் முத்திரையை மட்டும் வைத்திருக்கிறார்.

ஒப்பந்தத்தில் விலையைவிட நிராகரிப்புப் பந்தியைத்தான் இரண்டு தரம் படிக்க வேண்டும். பொருள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தரமில்லை என்றால் யார் நட்டம் தாங்குவது? இப்படி எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு தொகுதியிலும் 250 கிராம் வீதம் மூன்று மாதிரி, முத்திரையிட்டு, ஒன்று சங்கத்திடம், ஒன்று வாங்குநரிடம், ஒன்று ஆய்வுகூடத்தில். குறை இருந்தால் பொருள் சேர்ந்து 14 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் மூன்றாவது மாதிரியின் முடிவு இருவரையும் கட்டும். அங்கே நீராவியால் கிருமி நீக்கப்போகிறார்கள் என்றால் அந்தச் செலவும் எடைக் குறைவும் அவர்களுடையது. உங்கள் தூள் முழுவதும் எங்களுக்கே என்று கேட்டால், அப்படியானால் குறைந்தது எத்தனை கிலோ எடுப்பீர்கள் என்ற எண்ணும் அதே பந்தியில் வர வேண்டும்.

இன்னொன்று. வன்னிப் பெண்களின் படத்தையும் போரில் அவர்கள் இழந்தவற்றையும் பொதியில் அச்சிட்டு விற்க விரும்புகிறவர்கள் உண்டு. ஒருவரின் முகமும் துயரமும் தூளோடு இலவசமாகப் போகும் பொருள் அல்ல. படமோ பெயரோ பாவிப்பதென்றால் அந்தப் பெண்ணின் எழுத்துச் சம்மதம், எந்தப் பொதிக்கு, எத்தனை மாதத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவர் மனம் மாறினால் நிறுத்தவும் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. சங்கம் கூட்டுறவாகவோ கம்பனியாகவோ பதிந்திருக்க வேண்டும். வரி இலக்கமும் சுங்கப் பதிவும் தேவை, ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிந்துகொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு தடவை அனுபவமுள்ள ஏற்றுமதியாளர் ஊடாக அனுப்புவது மலிவு, ஆனால் வாங்குநரின் பெயரும் விலையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 6,000 யூரோவுக்கு உட்பட்ட பொதிக்கு ஐரோப்பிய வரிச்சலுகை பெற, தனிப் பதிவு இல்லாமலே விலைப்பட்டியலில் தோற்றுவாய்க் கூற்று, அதாவது பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற உறுதிமொழி, எழுதலாம். அமெரிக்காவுக்கு என்றால் தயாரிப்பிடத்தை அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகத்தில் பதிய வேண்டும், அங்கே ஒரு முகவரும் வேண்டும். பொருளைக் கொழும்பில் ஏற்றிக் கொடுப்பதோடு உங்கள் பொறுப்பு முடியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தில் 6,000 கன சென்ரிமீற்றரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவார்கள். 60க்கு 40க்கு 40 பெட்டிக்குள் 12 கிலோ வைத்தாலும் 16 கிலோவுக்குக் கூலி செலுத்த வேண்டும். இறுக்கிக் கட்டுங்கள்.

"உரமே போடாத மரம், ஆகவே ஓர்கானிக்" என்று பையில் அச்சிட முடியாது. சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல் ஐரோப்பாவில் சட்ட மீறல். முருங்கை பல்லாண்டுப் பயிர் என்பதால் ஓர்கானிக் முறைக்கு மாறும் காலமே மூன்று வருடம். சிறு விவசாயிகள் குழுவாகச் சான்றிதழ் எடுக்க 2,000 பேர் வரை இடமுண்டு, உள்ளகக் கண்காணிப்பு முறையும் வேண்டும். இலைப் பதிவுக் கொப்பியை இன்றைக்கே ஒழுங்காக எழுதினால் அதுவே அந்தக் கண்காணிப்பின் முதல் பாதி.

காசு எப்போது கைக்கு வரும்

வாங்குநர் 60 நாளில் தருவார். நுண்கடன்காரர் கிழமைக்கு ஒருமுறை வாசலில் நிற்பார். இந்த இடைவெளியில்தான் பல சங்கங்கள் உடைகின்றன. இலை தந்த பெண் வேறு கடன் எடுக்கிறார், அடுத்த முறை இலையை உள்ளூர் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார். நிறுத்த அன்றே, நிறுவைத் துண்டோடு, இலைக் காசும் கூலியும் கொடுபட வேண்டும்.

மேலே உள்ள கணக்கையே எடுங்கள். 100 கிலோ ஓடர் 317,000 ரூபா, 50 வீத முற்பணம் 158,500. இலைக்கும் கூலிக்கும் வேண்டியது 165,000. குறைவது 6,500. அதோடு பொதி, சோதனை, அரைப்பு, தண்ணீர், லொறிக்கென்று 82,000. ஆக 88,500 ரூபாவைச் சங்கம் தன் கையிலிருந்து போட்டு, மீதிப் பணம் வரும்வரை காத்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சங்கப் பெட்டியில் அவ்வளவு இல்லாவிட்டால் முதல் ஓடரை 50 கிலோவாகக் கேளுங்கள். அப்போது சோதனைச் செலவு கிலோவுக்கு 300 இலிருந்து 600 ஆகும். அந்த 300 ஐயும் விலையில் சேர்த்தே சொல்லுங்கள்.